சென்னையில் உபாத்தியாயர், கல்கத்தாவில் குமாஸ்தா: மகாகவி மதுசூதன தத்தர்

1848-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி. கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் வங்காளி வாலிபர் ஒருவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது சென்னையில் இன்றுள்ளது போன்ற துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும். பிரயாணிகள் மசூலாப் படகில் ஏறி, அலைகளில் எழுந்தும் விழுந்தும்தான் கரை சேர வேண்டும்.

இன்னும் ஒரு வாரத்தில் அந்த வாலிபருக்கு 24 வயது நிறையும். கையில் பணம் இல்லை. வேலையும் இல்லை. ஊரில் தெரிந்த முகங்கள் மிகக் குறைவு. ஆனால் தலைக்குள்ளே ஷேக்ஸ்பியர் இருந்தார், மில்டன் இருந்தார், பைரன் இருந்தார். ஆங்கிலத்தில் காவியம் பாடி, ஆங்கிலேயர்களே வியக்கும் கவிஞன் ஆவேன் என்ற உறுதி நெஞ்சில் இருந்தது.

அவர்தான் மைக்கேல் மதுசூதன தத்தர். வங்க மொழியின் நவீன கவிதைக்கு வழி திறந்தவர் என்று இன்று போற்றப்படுகிறவர். அன்று சென்னைக்கு வந்தபோது, தமது தாய்மொழியில் எழுதுவதை அவர் தமக்குக் கௌரவமாக நினைக்கவில்லை. அந்த எண்ணம் எப்படி வந்தது, எப்படிப் போனது, அதற்கு அவரும் அவரைச் சார்ந்தவர்களும் கொடுத்த விலை என்ன என்பதே அவருடைய வாழ்க்கைக் கதை.

நதிக்கரைக் கிராமம்

மதுசூதனர் 1824-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி ஜெசூர் ஜில்லாவில் சாகர்தாரி என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. ஊரை ஒட்டிக் கபோதாட்ச நதி ஓடுகிறது. புறாவின் கண் என்பது அந்தப் பெயரின் பொருள்.

தந்தை ராஜநாராயண தத்தர் கல்கத்தா சதர் திவானி கோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல். கை நிறையச் சம்பாதித்தார். தாயார் ஜானவி தேவி. பிறந்த பிள்ளைகளில் தங்கியது மதுசூதனர் ஒருவரே என்பதால், அவர் கேட்டது எதுவும் மறுக்கப்படவில்லை. கணக்குப் பார்க்காமல் செலவு செய்யும் பழக்கம் அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அவரைக் கடன்காரர்களிடம் கொண்டுபோய் நிறுத்தியதும் அந்தப் பழக்கந்தான்.

கிராமத்தில் இருந்த வரையில் வங்க மொழியின் ராமாயணமும் மகாபாரதமும் தாயார் வாயிலாக அவர் காதில் விழுந்தன. பிறகு தந்தை குடும்பத்தைக் கல்கத்தாவில் கிதிர்ப்பூருக்கு அழைத்துக்கொண்டார். மகனை இந்து கல்லூரியில் சேர்த்தார்.

ஷேக்ஸ்பியரும் ரிச்சர்ட்சனும்

இந்து கல்லூரி 1817-ம் ஆண்டில் கல்கத்தாப் பிரமுகர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் பிரஸிடென்ஸி கல்லூரியாக மாறி, 2010-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்வி நிலையம் அதுவே.

வியப்பான ஒரு விஷயம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தைப் பட்டத்திற்குரிய தனிப் பாடமாக வைத்தது 1894-ல்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கல்கத்தாவில் வங்காளி மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1835-ல் மெக்காலே எழுதிய குறிப்பைத் தொடர்ந்து அரசாங்கம் ஆங்கிலக் கல்விக்குப் பணம் ஒதுக்கியது. ஆங்கிலம் தெரிந்தால் உத்தியோகம், உத்தியோகம் கிடைத்தால் மதிப்பு என்ற காலம் தொடங்கியது.

இந்து கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர் கேப்டன் டேவிட் லெஸ்டர் ரிச்சர்ட்சன். பட்டாளத்திலிருந்து வந்தவர். தாமே கவிதை எழுதுகிறவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவர் உரக்கப் படித்துக் காட்டும்போது மாணவர்கள் மெய்ம்மறந்து கேட்பார்கள். அவர்களில் முதல்வர் மதுசூதனர். ஆசிரியரைப் போலவே தாமும் கவிஞராக வேண்டும் என்று பதின்மூன்று பதினான்கு வயதிலேயே தீர்மானித்துவிட்டார் என்று சொல்லலாம்.

கல்லூரியில் படிக்கும்போதே அவருடைய ஆங்கிலக் கவிதைகள் கல்கத்தா இதழ்களில் வந்தன. 1842-ல் பெண் கல்வியைப் பற்றிய கட்டுரைப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டில் லண்டனிலுள்ள பத்திரிகைக்கும் எடின்பரோவிலுள்ள பத்திரிகைக்கும் கவிதைகளை அனுப்பிவிட்டுத் தபாலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவை அச்சேறவில்லை. ஆனாலும் ஆசை தணியவில்லை. கவிஞனாக வேண்டுமானால் சீமைக்குப் போயே தீரவேண்டும் என்ற எண்ணம்தான் வலுத்தது.

அந்த நாட்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஷேக்ஸ்பியர் நினைத்தால் நியூட்டன் ஆகலாம், நியூட்டன் நினைத்தாலும் ஷேக்ஸ்பியர் ஆக முடியாது என்று மதுசூதனர் நண்பர்களிடம் வாதாடுவாராம். கணக்கு வகுப்பில் அவருக்கு அக்கறை கிடையாது. ஒரு நாள் வகுப்பில் ஒருவருக்கும் வராத கணக்கை அவர் எழுந்துபோய்ப் போட்டு முடித்துவிட்டு, ஷேக்ஸ்பியர் நியூட்டன் ஆனதைப் பார்த்தீர்களா என்று கேட்டாராம்.

கௌர்தாஸ் பசாக், பூதேவ் முகோபாத்யாயர், ராஜநாராயண் போஸ் ஆகியோர் அவருடைய கல்லூரித் தோழர்கள். கௌர்தாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள்தான் அவருடைய வாழ்க்கையை அறிய நமக்குக் கிடைத்துள்ள பெரிய சாதனம். அந்தக் கடிதங்களை அவர் எழுதியதும் ஆங்கிலத்தில்தான்.

கோட்டைக்குள் ஒளிந்த மகன்

மகன் கையைவிட்டுப் போகிறான் என்று தந்தைக்குத் தோன்றியது. ஒரு ஜமீன்தார் வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் பேசி முடித்தார். முன்பின் பாராத பெண்ணை மணக்க மதுசூதனருக்கு விருப்பமில்லை. கிறிஸ்துவரானால் கல்யாணத்திலிருந்தும் தப்பலாம், சீமைக்கும் வழி பிறக்கும் என்று எண்ணினார்.

ஒரு நாள் வீட்டிலிருந்து மறைந்தார். தந்தையின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி, பாதிரியார்கள் அவரை வில்லியம் கோட்டைக்குள் சில நாட்கள் வைத்துக் காத்தார்கள். 1843 பிப்ரவரி 9-ந் தேதி கல்கத்தாப் பழைய மிஷன் தேவாலயத்தில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அன்று பாடப்பட்ட கீர்த்தனையையும் அவரே ஆங்கிலத்தில் இயற்றியிருந்தார்.

இந்து கல்லூரியில் கிறிஸ்துவர்களுக்கு இடமில்லை. எனவே ஹூக்ளி நதிக்கு அக்கரையில் சிப்பூரிலிருந்த பிஷப் கல்லூரியில் 1844-ல் சேர்ந்தார். அங்கே கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் மூன்றையும் ஊன்றிப் படித்தார். ஹோமரையும் வர்ஜிலையும் மூலத்திலேயே படிக்கும் தகுதி இங்கேதான் வந்தது. வெள்ளைக்கார மாணவர்களுக்கு ஓர் உடை, இந்திய மாணவர்களுக்கு வேறு உடை என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து, எல்லோருக்கும் ஒரே உடை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

மதம் மாறிய மகனுக்குத் தந்தை சில ஆண்டுகள் வரையில் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பி வந்தார். பிறகு மனம் கசந்து நிறுத்திக்கொண்டார். வேறொரு வாரிசு வேண்டும் என்று மறுமணமும் செய்துகொண்டார். சீமைக்கு அனுப்பி வைப்பார்கள் என்று மதுசூதனர் நம்பியிருந்த பாதிரியார்களும் அனுப்பவில்லை. கல்கத்தாவில் வேலையும் கிடைக்கவில்லை. 1847-ம் ஆண்டின் இறுதியில் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சென்னைக்குக் கப்பலேறினார்.

சென்னையில் எட்டு ஆண்டுகள்

சென்னையில் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதியை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஆங்கில உபாத்தியாயர் வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம். பக்கத்துப் பெண்கள் விடுதியில் வளர்ந்த ரெபெக்கா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை 1848 ஜூலை 31-ந் தேதி மணந்தார். ஓர் இந்தியர் வெள்ளைக்காரப் பெண்ணை மணப்பது அக்காலத்தில் மிக அபூர்வம். பெண் வீட்டுப் பக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. அந்தக் கல்யாணப் பதிவில்தான் மைக்கேல் என்ற பெயர் அவருடைய பெயருக்கு முன் சேர்ந்தது.

பகலில் பள்ளிக்கூடம், இரவில் எழுத்து. சென்னைப் பத்திரிகை ஒன்றில் புனைபெயரில் ஆங்கிலக் கவிதைகள் எழுதினார். பிருதிவிராஜன் - சம்யுக்தை கதையை வைத்து ஆங்கிலத்தில் அவர் பாடிய நீண்ட கவிதை முதலில் பத்திரிகையில் வந்து, 1849-ல் சென்னையிலேயே புத்தகமாக வெளியாயிற்று. தி கேப்டிவ் லேடி என்று பெயர். சிறைப்பட்ட நங்கை என்று பொருள். சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவரும், பச்சையப்ப முதலியாரின் தர்மப் பணம் கல்விக்குப் பயன்படத் துணை நின்றவருமான ஜார்ஜ் நார்ட்டன் துரைக்கு அந்த நூலைச் சமர்ப்பித்தார்.

இதுதான் தம்மை உலகம் அறியச் செய்யப்போகும் நூல் என்று மதுசூதனர் எண்ணியிருந்தார். சென்னையில் நல்ல பெயர் கிடைத்தது. கல்கத்தாவில் ஒரு பத்திரிகை கேலி செய்தது. புத்தகம் சரியாக விற்கவில்லை. அச்சுக்கூலிக்குப் பட்ட கடன்தான் மிச்சம்.

பெத்யூன் துரையின் யோசனை

அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று கௌர்தாஸ் வழியாகக் கல்கத்தாவில் பெத்யூன் துரையின் கைக்குப் போயிற்று. அவர் கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினர். கல்வி மன்றத்தின் தலைவர். 1849-ல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர்.

நூலைப் பார்த்த பெத்யூன் பாராட்டி அனுப்பிவிடவில்லை. ஆங்கில இலக்கியத்தைப் படித்ததால் பெற்ற ரசனையையும் திறமையையும் சொந்த மொழியை வளர்ப்பதற்குப் பயன்படுத்துவதே இந்த இளைஞருக்கு நிலையான புகழைத் தரும் என்று எழுதினார். ஆங்கிலத்தில் எழுத ஆங்கிலேயர்கள் இருக்கிறார்கள், வங்க மொழிக்கு நல்ல கவிதை தர வங்காளிதான் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். கௌர்தாஸும் அதையே வற்புறுத்தினார்.

ஆங்கிலக் கவிஞனாக வேண்டும் என்று மதத்தையும் வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவருக்கு, ஓர் ஆங்கிலேயரே சொன்ன யோசனை இது! மனம் எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்? ஆனால் மதுசூதனர் கோபித்துக்கொள்ளவில்லை. வங்க மொழி தமக்கு வேகமாக மறந்து வருகிறது என்று நண்பருக்கு எழுதினார். கிருத்திவாசரின் வங்க ராமாயணத்தையும் காசிராம தாசரின் மகாபாரதத்தையும் உடனே அனுப்பி வைக்கும்படி கேட்டார்.

அதோடு நிற்கவில்லை. தமது அன்றாட அட்டவணையையும் எழுதினார். காலை 6 முதல் 8 வரை ஹீப்ரு. 8 முதல் 12 வரை பள்ளிக்கூட வேலை. 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் சமஸ்கிருதமும். 5 முதல் 7 வரை லத்தீன். 7 முதல் 10 வரை ஆங்கிலம். இத்தனையும் தம் முன்னோரின் மொழிக்கு அணி செய்வதற்கான ஆயத்தமே என்று அவர் தெரிவித்தார்.

குறைந்த சம்பளம், வளரும் குடும்பம், கடன் ஆகியவற்றுக்கு நடுவில் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் படித்தார். விதை விழுந்துவிட்டது. முளைப்பதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

1852-ல் அவருக்குச் சற்று நல்ல வேலை கிடைத்தது. பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியாக வளர்ந்த நிலையத்தின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். பத்திரிகைகளிலும் வேலை செய்தார். இதற்கிடையில் தாயார் இறந்தார். 1855 ஜனவரியில் தந்தையும் இறந்தார். அந்தச் செய்தியே அவருக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் கௌர்தாஸின் கடிதத்தால் தெரிந்தது. சொத்தை உறவினர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். மதுசூதனர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். 1856 பிப்ரவரியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

போனவர் திரும்பவே இல்லை. ரெபெக்காவும் நான்கு குழந்தைகளும் சென்னையில் நின்றுபோனார்கள். அவர்களுக்கு முறையாக விடுதலையும் அளிக்கவில்லை. சென்னையில் உடன் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவரின் மகளான ஹென்றியட்டா, 1858-ல் கல்கத்தாவுக்கு வந்து அவருடன் குடும்பம் நடத்தினார். ரெபெக்கா 1892-ல் இறந்தார். மதுசூதனரின் வரலாற்றில் எந்தப் புகழாலும் அழிக்க முடியாத கறை இது.

போலீஸ் கோர்ட்டு குமாஸ்தா

கல்கத்தாவில் பழைய நண்பர்கள் வரவேற்றார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே! மாஜிஸ்திரேட்டாக இருந்த கிசோரி சந்த் மித்ரர் அவருக்குப் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா வேலை கொடுத்தார். ஹோமரையும் வர்ஜிலையும் மூலத்தில் படித்தவர், கோர்ட்டுக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அதே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் ஆனார். சாட்சிகளும் கைதிகளும் சொல்வதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது வேலை. வங்க இலக்கியத்தையே மாற்றப்போகும் நூல்களை, இந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே, கோர்ட்டு நேரம் போக மிஞ்சிய நேரத்தில் எழுதினார்.

தொடக்கம் தற்செயலாக நேர்ந்தது. பைக்பாரா ராஜாக்கள் தங்கள் பேல்காச்சியா மாளிகையில் நாடக அரங்கு அமைத்து 1858-ல் ரத்னாவளி நாடகத்தை வங்க மொழியில் நடத்தினார்கள். பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்காக அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார் மதுசூதனர். இந்தச் சாதாரண நாடகத்துக்கா இத்தனை பணம் என்று அவருக்குத் தோன்றியது. வங்க மொழியில் நல்ல நாடகம் இல்லை என்றால் தாமே எழுதுவதாகச் சொன்னார். நண்பர்கள் சிரித்தார்கள். அவருக்கு வங்கமே சரியாக வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பண்டிதரை வைத்துக்கொண்டு படித்தார். சில வாரங்களில் சர்மிஷ்டை நாடகத்தின் முதல் பகுதி தயாராகிவிட்டது. 1859-ல் அது வெளியாகி, அதே ஆண்டில் பேல்காச்சியாவில் மேடையும் ஏறியது. அந்த ஆண்டில் பிறந்த மகளுக்கும் சர்மிஷ்டை என்றே பெயர் வைத்தார். பிறகு பிறந்த மகனுக்கு மில்டன் என்று பெயர்.

எதுகையை விட்ட கவிதை

வங்கக் கவிதையில் அதுவரை பயார் என்ற யாப்பே ஆட்சி செய்தது. அடிக்குப் பதினான்கு அசை. இரண்டிரண்டு அடிகள் இறுதியில் ஒலி ஒத்து வரவேண்டும். தமிழ் யாப்பில் இயைபு என்கிறோமே, அது போல. ஒவ்வோர் அடியிலும் கருத்து முடிந்து நிற்கும். கேட்க இனிமை. ஆனால் போர்க்களத்தையும் பெருந்துயரத்தையும் பாட அது போதவில்லை.

மில்டன் தம் காவியத்தில் அடியிறுதி ஒலியை விட்டுவிட்டவர். வங்கத்திலும் அப்படிச் செய்யலாம் என்றார் மதுசூதனர். அவருடைய நண்பரான ஜதீந்திரமோகன் தாகூர், வங்க மொழி அதைத் தாங்காது என்றார். வங்கம் சமஸ்கிருதத்தின் மகள், அவளால் முடியாதது இல்லை என்று மதுசூதனர் வாதாடினார். எழுதிக் காட்டினால் அச்சுச் செலவு தம்முடையது என்று ஜதீந்திரமோகன் ஒப்புக்கொண்டார்.

1860-ல் திலோத்தமா சம்பவ காவியம் வெளிவந்தது. அடிக்குப் பதினான்கு அசை என்ற பழைய அளவை மதுசூதனர் தொடவில்லை. அடியிறுதி ஒலியை மட்டும் நீக்கினார். வாக்கியத்தை அடியோடு நிறுத்தாமல், அடுத்த அடிக்கும் அதற்கடுத்த அடிக்கும் ஓடவிட்டார். பொருள் எங்கே நிற்கிறதோ அங்கே குரல் நிற்கும். மில்டனிடம் கற்ற நுட்பம். ஆனால் ஓசையும் சொல்லும் வங்கத்தினுடையவை. அமித்ராட்சர சந்தம் என்று அதற்குப் பெயர் வந்தது. ஜதீந்திரமோகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இந்திரஜித்துக்கு ஒரு காவியம்

1861-ல் மேகநாத வத காவியம் வெளியாயிற்று. ஒன்பது சருக்கங்கள். ராவணனின் மகன் மேகநாதன், அதாவது இந்திரஜித்தே காவியத்தின் நாயகன். கம்பர் யுத்த காண்டத்தில் நிகும்பலை யாகத்தைப் படித்தவர்களுக்கு அவன் புதியவன் அல்லன்.

மதுசூதனர் கதையை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். தம் நாட்டைக் காக்கப் போராடும் வீரர்களாக இலங்கை வீரர்களைக் காட்டினார். விபீஷணன் வழிகாட்ட, மாயையின் துணையால் லட்சுமணன் பூஜை அறைக்குள் புகுகிறான். மேகநாதன் ஆயுதமில்லாமல் வழிபாட்டில் இருக்கிறான். கையில் அகப்பட்ட பூஜைப் பாத்திரத்தை எறிந்து போராடி, மாள்கிறான். அவன் மனைவி பிரமீளை உடன் சிதையேறுகிறாள். மகனை இழந்த ராவணனின் புலம்பல், கேட்பவர் நெஞ்சைப் பிளக்கிறது.

கதை வால்மீகியுடையது. காவியத்தின் கட்டுக்கோப்பில் ஹோமரும் மில்டனும் தெரிகிறார்கள். ராமன் மறு உலகம் சென்று தந்தையைக் காணும் பகுதியில் வர்ஜிலும் தாந்தேயும் தெரிகிறார்கள். கல்லூரியில் படித்தது, சென்னையில் இரவு பகலாகப் படித்தது எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. கேப்டிவ் லேடியில் கைகூடாதது, தாய்மொழியில் கைகூடியது.

வைதிகர்கள் எதிர்த்தார்கள். ஆனால் படித்தவர்கள் கொண்டாடினார்கள். 1861 பிப்ரவரியில் காளிபிரசன்ன சிங்கர் சபை கூட்டி அவருக்கு வெள்ளிப் பாத்திரம் பரிசளித்துப் பாராட்டினார். பதினாறு வயதில் இந்தக் காவியத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிய ரவீந்திரநாத் தாகூர், பிற்காலத்தில் அதற்காக வருந்தி, அதன் பெருமையை ஒப்புக்கொண்டார்.

1859 முதல் 1862 வரை நான்கே ஆண்டுகளில் நாடகங்கள், இரண்டு கேலி நாடகங்கள், காவியங்கள், பாடல்கள் என்று மதுசூதனர் கொட்டிக் குவித்தார். ஆங்கிலம் படித்த வாலிபர்களின் போலி நாகரிகத்தைத் தம் கேலி நாடகத்தில் அவரே கிண்டல் செய்தார்.

சீமையில் பட்டினி

இத்துடன் அவர் நின்றிருந்தால் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். ஆனால் சீமை ஆசை உள்ளே உயிரோடு இருந்தது. வழக்காடித் தந்தையின் சொத்து ஓரளவு கைக்கு வந்ததும், பாரிஸ்டர் படிப்புக்காக 1862 ஜூன் 9-ந் தேதி கப்பலேறினார். லண்டனில் கிரேஸ் இன் என்ற சட்டப் படிப்பு நிலையத்தில் சேர்ந்தார். மாதாமாதம் தமக்குப் பணம் அனுப்பவும், கல்கத்தாவில் மனைவிக்குச் செலவுக்குக் கொடுக்கவும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்.

ஏற்றுக்கொண்டவர்கள் சொன்னபடி நடக்கவில்லை. பணம் வராத ஹென்றியட்டா குழந்தைகளோடு 1863-ல் அவரிடமே வந்து சேர்ந்தார். லண்டனில் கட்டுப்படியாகாமல் குடும்பம் பிரான்சில் வெர்சேல்ஸ் நகருக்குப் போயிற்று. அங்கும் வறுமை. கடைக்காரர்கள் கடன் கொடுக்க மறுத்தார்கள். சாமான்கள் அடகுக் கடைக்குப் போயின. கடனுக்காகச் சிறை செல்லும் நிலைமை நெருங்கியது. எழுதிய கடிதங்களுக்குக் கல்கத்தாவிலிருந்து பதில் இல்லை.

கடைசியில் 1864-ல் ஈசுவர சந்திர வித்யாசாகருக்கு எழுதினார். வித்யாசாகர் சமஸ்கிருதப் பண்டிதர். விதவைகளுக்கு மறுமணச் சட்டம் வரப் பாடுபட்டவர். மதுசூதனரின் நடை உடைகளுக்கும் அவருக்கும் வெகு தூரம். புதிய யாப்பையும் அவர் முதலில் ரசிக்கவில்லை. ஆனால் கடிதம் கண்டதும் 1,500 ரூபாய் அனுப்பினார். பிறகும் பல முறை, தாமே கடன் வாங்கி அனுப்பினார். மதுசூதனரின் குடும்பம் பட்டினியிலிருந்து தப்பியது.

அந்த வெர்சேல்ஸ் வறுமையில்தான் மதுசூதனர் பதினான்கு அடிச் சானெட் பாடல்களை வங்கத்தில் எழுதினார். இத்தாலியக் கவிஞர்கள் வளர்த்த வடிவம் அது. 1866-ல் அவை நூலாக வந்தன. எதைப் பாடினார்? சிறுவயதில் குளித்த கபோதாட்ச நதியை, ஊர்த் திருவிழாக்களை, காசிராமரையும் கிருத்திவாசரையும், வித்யாசாகரின் கருணையைப் பாடினார். தாய்மொழியின் செல்வத்தை விட்டுவிட்டு அயலார் வாசலில் பிச்சைக்கு நின்றதை எண்ணி வருந்தி, வங்க மொழியையே ஒரு பாடலின் பொருளாக்கினார். இளமை முழுவதும் எந்த ஐரோப்பாவுக்காக ஏங்கினாரோ, அந்த ஐரோப்பாவில் இருந்துகொண்டு கிராமத்து நதிக்காக ஏங்கினார்.

பாரிஸ்டரின் முடிவு

1866 நவம்பரில் பாரிஸ்டர் ஆனார். 1867-ல் குடும்பத்தைப் பிரான்சில் விட்டுவிட்டுக் கல்கத்தா திரும்பினார். ஹைகோர்ட்டில் சேருவதற்கே சில நீதிபதிகள் ஆட்சேபித்தார்கள். வித்யாசாகர் போன்ற பெரியவர்கள் நற்சாட்சி எழுதிக் கொடுத்த பின்புதான் இடம் கிடைத்தது. வருமானம் வந்தது. ஆனால் பெரிய ஓட்டலில் வாசம், விருந்து, தர்மம் என்று வருமானத்தை மீறிச் செலவு செய்தார். ஏழைக் கட்சிக்காரரிடம் பணம் வாங்க மாட்டார். வித்யாசாகர் வாங்கிக் கொடுத்த கடனும் தலைமேல் நின்றது. 1870-ல் ஹைகோர்ட்டிலேயே நல்ல சம்பளத்தில் உத்தியோகம் ஏற்றார். இரண்டு ஆண்டுகளில் அதையும் விட்டார். பஞ்சகோட் ராஜாவிடம் மானேஜராகச் சில மாதங்கள் இருந்தார்.

குடியும் நோயும் உடலை அரித்தன. கடைசி நாட்களில் உத்தரபாரா நூல் நிலையத்து மாடியில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். பிறகு அவரைக் கல்கத்தா அலிப்பூர் பொது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1873 ஜூன் 26-ந் தேதி ஹென்றியட்டா வேறிடத்தில் இறந்தார். மூன்று நாள் கழித்து, ஜூன் 29-ந் தேதி, மதுசூதனரும் கண்ணை மூடினார். வயது 49.

சாவிலும் அவருக்கு அலைச்சல்தான். அவருடைய மத நம்பிக்கையைப் பற்றிச் சந்தேகப்பட்ட பாதிரியார்கள் அடக்கம் செய்யத் தயங்கினார்கள். ஒரு நாள் தாமதித்த பின், ஒரு பாதிரியார் துணிந்து முன்வர, லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ஹென்றியட்டாவின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆங்கிலத்தைப் படித்தது அவருக்குக் கேடாக முடிந்தது என்று சிலர் சொல்லலாம். அது சரியல்ல. ரிச்சர்ட்சனின் வகுப்பு இல்லாவிட்டால் மேகநாத வதம் இல்லை. மில்டனைப் படிக்காவிட்டால் புது யாப்பு இல்லை. படித்ததை எந்த மொழியில் திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் அவர் முதலில் தவறினார், பிறகு வழி கண்டார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய கவிதைகளை இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். கோர்ட்டு வேலைக்கு நடுவே வங்கத்தில் எழுதியவற்றை மேற்கு வங்கத்திலும் பங்களாதேஷிலும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜெசூரில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாகர்தாரியில் ஆண்டுதோறும் ஜனவரியில் அவர் பெயரால் திருவிழா நடக்கிறது.

தம் கல்லறைக்கான வாசகத்தை மதுசூதனர் தாமே எழுதி வைத்திருந்தார். அடக்கம் செய்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 1888-ல் அதைக் கல்லில் பொறித்து நாட்டினார்கள். மதம் மாறியவர், பெயர் மாற்றியவர், கோட்டும் தொப்பியுமாகத் திரிந்தவர் அந்த வாசகத்தில் எதைக் குறித்திருக்கிறார்? தந்தை ராஜநாராயணரின் பெயரை, தாய் ஜானவியின் பெயரை, சாகர்தாரி கிராமத்தின் பெயரை, கபோதாட்ச நதியின் பெயரைக் குறித்திருக்கிறார். எழுதியிருப்பது வங்க மொழியில்.